மேடைத் தகப்பனுக்கு அழுத அண்ணை

2006 பங்குனியில் நான் மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அண்ணையை ஒரு இத்தாலிய இசைநாடகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவருடைய மனதைக் கொஞ்சம் இளக்கலாம் என்றுதான். சிரிக்காதீர்கள்.

அண்ணையின் மகள் ஜெனி, தங்கள் கோயிலிலேயே பூசை காண்கிற மன்னார்ப் பொடியன் ஒருவனைக் கட்டியிருந்தாள். அவனும் கத்தோலிக்கன்தான். சாதி சரியில்லையாம். ஒரே சுவாமியார் கையில் நற்கருணை வாங்கலாம், ஒரு வீட்டில் இருந்து சோறு தின்னக்கூடாது. என்ன வேதமோ! இப்போது அவளுக்கு ஒரு பெண்குழந்தை. பேத்தியின் முகத்தை அண்ணை இன்னும் பார்க்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறு மணித்தியாலம். இந்த மாதத்தில் போகிறவர்கள் நல்ல சப்பாத்துப் போடுங்கள். உருகின பனிச்சேற்றில் எனக்குக் கால் விறைத்துவிட்டது. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் அண்ணை வீட்டில் தங்கி, அடுத்தநாள் பின்னேரக் காட்சிக்கு மெட்ரோவில் போனோம். வெளியே குளிரில் இறங்காமலே அரங்கத்துக்குள் நுழையலாம். இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை.

அண்ணைக்கு இந்த இசைநாடகத்தின் கதையில் ஒரு பைத்தியம். விரும்பினவனைக் கட்டிய மகளைத் துரத்திவிட்ட தகப்பனின் கதை. யாழ்ப்பாணத்தில் தமிழில் நாவலாகப் படித்தார். அதில் தகப்பன் வரும்போது மகளைப் புதைத்தாயிற்று. பிறகு படம் வந்தது; அதில் மூச்சுப் போகிற நேரத்தில் வந்து கையைப் பிடிக்கிறான். இசைநாடகத்திலோ, தகப்பன் வந்த பிறகும் அவள் சாகாமல் கால்மணி நேரம் பாடுகிறாள்!

"சாகப்போறவளுக்கு எங்காலையடி இவ்வளவு மூச்சு?" என்றார் அண்ணை என் காதுக்குள்.

"எங்கடை கூத்திலை வெட்டுப்பட்ட ராசா எழும்பிப் பாடேல்லையோ? பேசாமல் பாருங்கோ."

பிறகு திரும்பிப் பார்த்தேன். மனிசன் தேம்பித் தேம்பி அழுகிறார். முன்வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்து, தன் கடதாசிக் கைக்குட்டையை நீட்டினாள். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கி மூக்கைச் சிந்தினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம்.

வாசலில் சொன்னேன்: "அண்ணை, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையிலை ஜெனி பிள்ளையோடை இருக்கிறாள். ஒருக்கா வாங்கோ."

அவர் கண்ணைத் துடைத்தார். "அந்தப் பெட்டை சாகக் கிடந்தவள், தேப்பன் போனவன். இவளுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கிறாள்."

எனக்கு விசர் வந்தது. எங்கள் சனத்தின் வழக்கமே இதுதானே. கலியாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் எட்டிப் பார்க்காதவர்கள், செத்தவீடு என்றால் முதல் ஆளாய் வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அண்ணை மனம் மாறுவார் என்று நான் பிடித்த கதை, அவருடைய பிடிவாதத்துக்கே சாட்சி சொல்லிவிட்டது. அவர் மெட்ரோவில் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

இசைநாடகத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: மலிவான மேல்மாடி இருக்கை போதும், பாட்டின் பொருள் மேடைக்கு மேலே எழுத்தில் ஓடும். ஆனால் கோபக்காரரை இளக்கவென்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அழுது தீர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நான் தனியே கோப்பிக் கடைக்குள் நுழைந்தேன். ஜெனி எழும்பி என் முதுகுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"மாமி, அப்பா அழுதவரோ?"

"ஓம், நல்லா அழுதவர்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வருவார்" என்று, பிள்ளையின் தொப்பியைக் கழற்றிச் சீப்பால் தலை இழுக்கத் தொடங்கினாள்.