குளிர்நீரில் முன் அனுபவம்

வட துருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு அருகில் எங்கள் ஜெர்மன் கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. சுற்றிலும் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கரகரக்கின்றன. விரும்பிய பயணிகள் இந்தக் கடலில் ஒருமுறை குதித்து ஏறலாமாம். எனக்கு முன் குதித்த பெரியவர் அவித்த இறால் போலச் சிவந்து, ஏணியில் நின்று கெட்ட வார்த்தை சொல்கிறார்.

படிவத்தோடு நிற்கும் கப்பல் பணியாள் ரூபன் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறான்.

"அக்கா, வேண்டாம். எங்கட ஆக்களுக்கு இந்தக் குளிர் ஏலாது."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது? பேனையைத் தாரும்."

படிவத்தில் ஒரு கேள்வி: குளிர்நீரில் முன் அனுபவம் உண்டா? 'ஆம்' என்று அடையாளமிடுகிறேன்.

"எங்கையக்கா?"

"நைசே ஆத்திலை. போலந்திலை இருந்து களவா எல்லை கடந்து ஜெர்மனிக்கு வந்தனான். மாசி மாசம், நெஞ்சளவு தண்ணி, கரையெல்லாம் ஐஸ். அண்டைக்கு ஒருத்தரும் இப்பிடி நிரப்பச் சொல்லி ஃபோர்முலார் தரேல்லை."

நான் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்ததும், ரூபன் பாதுகாப்புக் கயிற்றை என் இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறான்.

"பயமில்லையோ அக்கா?"

"அண்டைக்குப் பின்னாலை பொலிஸ் நாய் குரைச்சது. இண்டைக்கு ஒருத்தரும் துரத்தேல்லை. நானாக் குதிக்கிறன், தள்ளி நில்லும்."