பூரணியின் பஞ்சப்பாட்டு

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பூரணியைப் போலப் பஞ்சப்பாட்டுப் பாட ஆள் கிடையாது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கூரை ஒழுகினாலும் சரி, கம்பளி கேட்க வேண்டுமென்றாலும் சரி, தோட்டத்தை நடத்தும் தொரையின் முன்னால் எல்லோரும் அவளைத்தான் தள்ளிவிடுவார்கள். கிழிசல் சேலையும் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளுமாக நின்று, "கஞ்சிக்கே வழியில்லீங்க தொரை" என்று அவள் மூக்கைச் சிந்தினால் கல்லும் கரையும். தகரம் வரும், கம்பளி வரும். தோட்டத்தில் பிழைக்கத் தெரிந்தவள் வேறெப்படிப் பேசுவாள்? இருக்கிறது என்று சொன்னவனுக்கு எந்தத் தொரை எதைக் கொடுத்தான்?

உண்மையில் அவள் அவ்வளவு இல்லாதவள் அல்ல. புருஷன் செத்த பிறகும் கொழுந்துக்கூடையைக் கீழே வைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு கறவை மாடு நின்றது. பக்கத்து ஊரான தலவாக்கலையில் மஃறூப் முதலாளியின் தேத்தண்ணிக் கடைக்குத் தினமும் பால் போகும். யாரிடமும் கை நீட்டாமல் பிள்ளைகளை வளர்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், பிரஜாவுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில், சொந்த வருமானத்தில் குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்தவருக்குத்தான் அந்த உரிமை என்பது சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்காக மனு எழுதிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செல்லசாமி, "போதிய வருமானம் உண்டு" என்றுதான் எழுதியிருந்தார். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்! கைநாட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

நல்ல சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கிழிசலை உடுத்திக்கொண்டு பூரணி பஸ் ஏறினாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேலாயியும் கூட வந்தாள். அவளுக்கும் அன்றுதான் விசாரணை.

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா?"

"எங்கங்க சாமி காணுது? புள்ளைங்க பாதி நாளு பட்டினிங்க."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "யோசிச்சுச் சொல்லும்மா. வேற வருமானம் இருக்கா? ஆடு, மாடு?"

அவர் முகம் இளகியதைப் பார்த்ததும், காரியம் பலித்துவிட்டது என்றே பூரணி நினைத்தாள். "மாடா? ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லீங்க. நீங்கதான் மனசு வச்சுக் காப்பாத்தணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவள், வாங்குப் பலகையில் காத்திருந்த வேலாயியின் காதில் குனிந்தாள். "அடியே, நல்ல மனுசங்கதான். ஒண்ணும் காணலைன்னு அழு. மரம் மாதிரி நிக்காத." வேலாயிக்குப் பிறர் முன்னால் அழ வராது. அன்று அழுதாள்.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. செல்லசாமி லயத்து வாசலில் நின்று வாசித்தார். குடும்பத்தைக் காப்பாற்றப் போதிய வருமானம் இல்லாததால் மனு தள்ளுபடி. இருவருக்கும் அதே காரணம்.

பூரணி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் காப்பாத்திக்கிட்டுத்தானே இருக்கேன்! வந்து மாட்டப் பாக்கச் சொல்லுங்கய்யா!"

"இனி கொழும்புக் கோர்ட்டுக்குத்தான் போகணும். மாட்ட வித்தாலும் வக்கீலுக்குக் காணாது" என்றார் அவர்.

பூரணி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வேலாயி திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. அவள் இடுப்புப் பிள்ளையைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னபடிதானேக்கா சொன்னேன்" என்றாள். "இனிமே எம் புள்ளைங்க எந்த நாடுன்னு யாராச்சும் கேட்டா, என்னன்னு சொல்லட்டும்?"