மங்கை அக்கா ஏறாத மேடை

துணுக்காயில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கொண்டக்டர் இறங்கி வந்தபோது நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "ரீச்சர், மேடை தந்த அம்மா மோசம் போயிட்டாவாம். நாளைக்குக் காலமை பிரேதம் எடுக்கினமாம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவை" என்றார். அம்மாவின் பெயர் என்ன என்று தெரிந்துகொண்டே கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கிளிநொச்சியில் சொல்லி அனுப்பியவர்களும் பெயரைச் சொல்லவில்லையாம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவருடைய பெயர் மங்கையர்க்கரசி. இரணைமடுக் குளத்து வேலைகளை மேற்பார்த்த ஓவசியரைக் கலியாணம் செய்து வந்ததால், கிளிநொச்சி ஊரவரே, நீங்கள் முதலில் 'ஓவசியர் அம்மா' என்றீர்கள். மேடை கட்டிக் கொடுத்த பிறகு 'மேடை தந்த அம்மா' என்றீர்கள். அவர் தஞ்சாவூரில் தங்கி நடனம் படித்தவர், யாழ்ப்பாணத்தில் அரங்கேறியவர், பத்திரிகைகளில் நாடகமும் கட்டுரையும் எழுதியவர் என்பது உங்கள் குடியேற்றத் திட்டத்து ஊரில் எத்தனை பேருக்கு நினைவிருந்தது? நான் அப்போது கிளிநொச்சியில் சங்கீத ஆசிரியை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்கவும் இல்லை, "எனக்குப் பாட ஒரு ஆள் வேணும். ஆட நான் இருக்கிறன்" என்றார். அன்று தொடங்கிய பழக்கம், அன்றிலிருந்து எனக்கு அவர் மங்கை அக்கா.

மேடைக்கு ஓவசியரின் மேட்டுக்காணியில் ஒரு துண்டைச் சனசமூக நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். தளத்துக்குச் சீமெந்து போதும் என்றது நிர்வாகசபை. "சீமெந்தில கூட்டம் வைக்கலாம், ஆட ஏலாது. முழங்கால் போயிடும்" என்று சொல்லி, முதிரைப் பலகை அறுப்பித்தார் அக்கா. தச்சர் வேலை செய்யும்போது வெறுங்காலுடன் ஏறி ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் மீண்டும் சீவ வேண்டும். எங்கள் பிள்ளைகளின் காலில் அம்மாவுக்கு எவ்வளவு கரிசனை என்று ஊர் மெச்சியது. அந்தப் பலகை யாருடைய காலுக்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

திறப்பு விழாவில் ஆடுவதற்கென்று அக்கா தானே ஒரு பாட்டு எழுதியிருந்தார். குளம் திறக்கும் நாளில், தன் வயலுக்குத் தண்ணீர் வருமா என்று வாய்க்கால் கரையில் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் பாட்டு. அவருடைய வீட்டில் மேசை கதிரைகளை ஒதுக்கிவிட்டு மாதக்கணக்கில் பழகினோம். விழா அன்று சலங்கை கட்டி, பொட்டு வைத்து, பக்கத்துக் கொட்டிலில் அக்கா தயாராக நிற்கிறார். சனசமூக நிலையச் செயலாளர் சின்னத்துரை வந்தார்.

"அம்மா, நீங்கள் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. தெய்வத்தை ஆட விடலாமோ? முன்வரிசையில கதிரை போட்டிருக்கு, வந்து இருங்கோ."

"தெய்வம் எண்டால் ஆடாதோ தம்பி? அப்ப சிதம்பரத்தில என்ன நடக்குது?"

சின்னத்துரை சிரித்தார். அதற்குள் ஊர் அதிகாரியான விதானையார் மேடையில் நின்று பொன்னாடை போர்த்த அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா சலங்கையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார். போர்த்திய கையோடு இறக்கிக் கொண்டுபோய் முன்வரிசையில் இருத்தினார்கள். மரியாதை செய்தே ஒரு ஆளை மடக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த ஆண்டு நாட்டுக்கூத்து. உடுப்பு, பெற்றோல்மாக்ஸ் விளக்கு, முல்லைத்தீவுக் கரையிலிருந்து அண்ணாவியாரை அழைத்து வந்து பழக்கிய செலவு, எல்லாம் அக்கா. அரசியின் பகுதியை எழுதியதும் அவரே. அரசி வேடம் கட்ட இருந்தவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "நான் கட்டுறன். வரியெல்லாம் என்ர வரிதானே" என்றார் அக்கா. அண்ணாவியார் ஓம் என்றார். நிர்வாகசபை மாட்டேன் என்றது. ஒரு உழவு மெசின் சாரதியைப் பிடித்துச் சேலை உடுத்தினார்கள். அந்த மனுசன் மீசையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஒரு வரியும் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்று அக்கா ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்க, மீசைக்கார அரசி முன்னால் நின்று புலம்பினாள். இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அன்று பாய் விரித்திருந்து பார்த்துக் கண் கலங்கியவர்கள்.

அக்கா சும்மா இருக்கவில்லை. "எங்கள் ஊர் மீசையுள்ள அரசியை ஏற்கும், பெண்ணாய்ப் பிறந்த அரசிக்கு மட்டும் வெட்கப்படும்" என்று பத்திரிகைக்கு எழுதினார். அது அச்சில் வந்தது. வந்து என்ன? ஊரின் பெயர் பேப்பரில் வந்துவிட்டதென்று சின்னத்துரை அதை வாசிகசாலையில் உரத்து வாசித்துக் காட்டினார். சூடு வைத்தாலும் தடவிக் கொடுத்தது என்று நினைக்கிறவர்களை என்ன செய்வது?

அறுவடை முடிந்தால் அந்த மேடையில் நெல் மூட்டை அடுக்குவார்கள். பலகையில் வைத்தால் ஈரம் ஏறாதாம். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுக்கொண்டு நிக்காமல் ஏறி ஆடுங்கோ அக்கா. ஆர் வந்து இழுக்கிறது எண்டு பாப்பம்" என்றேன். "நான் சண்டை பிடிச்சு ஏறினால் எனக்குப் பிறகு ஒரு பெட்டையையும் ஏற விடாயினம். அவையள் ஓம் எண்டு சொல்லவேணும்" என்றார். தைப்பொங்கல் விழாக் கூட்டம்தோறும் கேட்டார். அடுத்த முறை பாப்பம் அம்மா என்று கூட்டம்தோறும் சொன்னார்கள். எனக்கு இடமாற்றம் வந்து நான் துணுக்காய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவருக்கு நோய் வந்தது. அந்தப் பொறுமையை எல்லோரும் புகழ்கிறீர்கள். எனக்கு இன்றைக்கும் அதில் ஆத்திரம்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்து அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, அக்காவை ஒருவழியாக மேடையில் ஏற்றிவிட்டார்கள், படமாக. பேசியவர்கள் எல்லோரும் அவருடைய கொடையைப் பேசினார்கள். நடனம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. என்னைத் தேவாரம் பாடக் கூப்பிட்டார்கள். தேவாரத்தைப் பாடி முடித்துவிட்டு, கேட்காமலே அந்த வாய்க்கால் பாட்டை எடுத்தேன்.

அந்தப் பாட்டில் ஓரிடத்தில் சொல் நின்றுவிடும். தண்ணீர் வந்து காலைத் தொடும் இடம். அதற்கு அக்கா வரி எழுதவில்லை, தான் ஆடுவதற்கென்று விட்டு வைத்திருந்தார். நானும் நிறுத்தி, தொடையில் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. சின்னத்துரை குனிந்து வந்து, "ரீச்சர், வரி மறந்துபோட்டியளோ?" என்றார்.

"இல்லை. பொறுங்கோ, அவா ஆடி முடிக்கட்டும்" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாட்டு. இனி எங்கே பாடினாலும் அந்த இடத்தில் நிறுத்துவேன்.