மணம் போயோ

சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில் என் பட்டறை. பழைய கட்டில், அலமாரி, தொட்டில் எல்லாம் வரும். பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, புதிதாகப் பாலிஷ் போட்டுக் கொடுப்பேன். எடுத்துப்போக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மணம் போயோ?" இந்த ஊர் மலையாளத்தில் எந்த வாடையும் மணம்தான், தின்னரின் நெடியும் மணம்தான். நான் குனிந்து முகர்ந்துவிட்டு, "போயி" என்பேன்.

அந்த முகர்தல் வெறும் பாவனையாகி வெகுநாள் ஆகிவிட்டது. முதலில் பாலிஷ் அரக்கின் வாசனை போனது. பிறகு தின்னர், பிறகு காப்பி. மூக்கடைப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

போன மாதம் மனைவி நாகர்கோவிலில் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். கரமனை வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் மகளும் மட்டும். சாயங்காலம் ரசத்தை இறக்கி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். மழை பிடித்தது, கரண்ட் போனது. பால் பொங்கித் தீயை அணைத்தது எனக்குத் தெரியாது.

உள்ளறையிலிருந்து மகள் சொன்னாள், "அப்பா, அடுக்களையில என்னமோ மணக்குது."

பட்டறையில் நாளெல்லாம் கேட்கிற சொல். வீட்டில், தமிழில், மகள் வாயில் அது நல்ல வாசனையாகத்தான் எனக்குக் கேட்டது.

"மணக்காம பின்ன? அப்பா வச்ச ரசமாக்கும்."

மெழுகுவர்த்தி ஏற்றத் தீப்பெட்டியோடு அடுக்களைக்குள் போனேன். குச்சியைப் பெட்டியில் வைத்து உரசப்போகும்போது அவள் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். அடுப்பைத் திருகி அடைத்தாள், பின்கதவைத் திறந்தாள், என்னை இழுத்துக்கொண்டு மழைக்குள் போனாள். மலையாளப் பள்ளியில் படிக்கிறவள். அவளுக்கு கேஸும் மணக்கும்.

"அப்பாக்கு மணம் கிட்டலியா?"

"இல்ல மக்களே."

"ஒண்ணுமே கிட்டலியா?"

அவள் கை என் சட்டையை விடவேயில்லை.

டாக்டர் மருந்து எழுதினார், உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்க நான் எழுந்து எழுந்து போகிறேன். டியூஷனிலிருந்து அவள் போன் செய்து, கேஸை அடைத்தாகிவிட்டதா என்று கேட்கிறாள். படிக்கிற பெண்ணுக்கு இந்தக் கவலை வேறு.

நேற்று ஓர் அம்மா பேரக்குழந்தைக்கான தொட்டிலை எடுத்துப்போக வந்தார். "மணம் போயோ?" என்றார். பழக்கத்தில் குனிந்தவன் நிமிர்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாது, நீங்களே பாருங்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு தொட்டிலுக்குள் முகத்தை வைத்து மெல்ல மூச்சை இழுத்தார். அவர் நிமிரும்வரை நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.