முன்சக்கரத்துக்கு ஒரு திரைச்சீலைக் கம்பி

கில்பர்ட், வயது ஐம்பத்தெட்டு. மர்பி டவுனில் பிறந்து அங்கேயே குடியிருப்பவர். அச்சகமொன்றில் பைண்டிங் வேலை. மனைவி கேத்தரின் தையற்காரர். வாசலில் நிற்பது 1969ஆம் ஆண்டின் ஃபியட், கில்பர்ட்டின் தகப்பனார் வாங்கியது. ஸ்டியரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளைச் சென்ற ஆண்டு பிப்ரவரியில் கில்பர்ட் தம் கையாலேயே மாற்றினார். மறுநாள் சர்ச் பூசைக்குப் போகையில், அல்சூர் ஏரி வளைவில் வண்டி தானாக இடப்பக்கம் ஓடி நடைபாதைக் கல்லில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. கேத்தரின் இறங்கி ஆட்டோ பிடித்தார். அதன்பின் அவர் அந்த வண்டியில் ஏறவில்லை.

வண்டி பழுதானதைக்கூட கில்பர்ட் பொறுத்துக்கொண்டார். பக்கத்து சீட் காலியாகவே இருந்ததுதான் அவரை அரித்தது.

கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் கடையில் இந்த மாடலுக்கு அளவே இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே வாசலிலேயே வேலை நடந்தது. இரு முன்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம், பின்புறத்தைவிட முன்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைந்திருக்க வேண்டும். அளக்கும்போதெல்லாம் அது சரியாகவே வந்தது. ரோட்டில் இறங்கினால் வண்டி அலைந்தது.

இந்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. சக்கரங்களில் போட்ட சாக்கட்டிக் குறி முன்னிருந்து பின்னுக்கு வருமாறு அரைச்சுற்று உருட்டுவதற்காகப் பக்கத்து வீட்டு எத்திராஜ் வண்டியைத் தள்ளினார்.

"ண்ணா, வாராவாரம் தள்றேன். பேசாம என்னையே எஞ்சின் எடத்துல மாட்டிடுங்க."

"நீ மைலேஜ் குடுக்க மாட்டப்பா."

ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த கேத்தரின் நிமிர்ந்து, கில்பர்ட் கையிலிருந்த தையல் டேப்பைப் பார்த்தார். "ஏங்க, அது நான் ஆகாதுன்னு ஒதுக்கி வெச்ச டேப்பாச்சே?"

"இரும்பு டேப்பு எஞ்சினுக்கு அடியில இடிக்குது. இது வளைஞ்சு குடுக்குது."

"வளையும், நீளவும் செய்யும். முன்னாடி உக்காந்துக்கிட்டு அந்த இழு இழுக்குறீங்க. பின்னாடி அளக்கறப்போ, படுத்துக்கிட்டு சும்மா தொட்டுப் பாக்குறீங்க. இப்படி அளந்து ஜாக்கெட் தெச்சா ஒருத்தியும் கைய தூக்க முடியாது."

"ஹௌதல்லா, அக்கா சொல்றது கரெக்ட்டு," என்று கன்னடம் கலந்து ஆமோதித்தார் எத்திராஜ்.

கில்பர்ட் டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தார். கேத்தரின் உள்ளே போய், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பின்புறத்துச் சாக்கட்டிக் குறிகளுக்கு நடுவே அதை நீட்டிப் பிடித்து, கம்பியில் கோடிட்டு, வண்டியை உருட்டி, கம்பியை முன்புறத்துக்குக் கொண்டு வந்தார்கள். முன்புறம் மூன்று மில்லிமீட்டர் குறைவாக இல்லை. நான்கு கூடுதலாக இருந்தது.

இரு பக்கத்து ஸ்டியரிங் கம்பிகளையும் சம அளவில் திருகி, வண்டியை உருட்டி, மறுபடி அளந்தார்கள். திரைக் கம்பியின் ஒரு முனையைக் கடைசிவரை கேத்தரினே பிடித்திருந்தார். மூன்றாம் முறை முன்புறம் சரியாக மூன்று மில்லிமீட்டர் குறைந்து நின்றது.

மறுநாள் காலை பூசைக்குப் போக கில்பர்ட் வண்டியைக் கிளப்பினார். கேத்தரின் கைப்பையோடு வந்து, முன்கதவைத் தாமே திறந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு கையாலயும் புடிங்க."

ஏரி வளைவு வரை கேத்தரினின் கை டாஷ்போர்டைப் பற்றியிருந்தது. வளைவு தாண்டியது, வண்டி நேராகவே போயிற்று. அந்தக் கை மெல்ல மடிக்கு இறங்கியது.

கேத்தரின் ஏறாதிருந்த காலம்: ஓர் ஆண்டு, ஏழு மாதம்.