மொறிஸ் புதைத்த மூன்று தகரம்

கல்லடியில் மொறிஸின் வீட்டு கராஜுக்கு மோட்டார்சைக்கிள் கொண்டுபோகிறவன் வண்டியோடு கொஞ்சம் ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேலிப் படலைக்குள் வந்தால் ஏச்சு. எண்ணெய்க் கையை மணலில் துடைத்தால் அதைவிடப் பெரிய ஏச்சு. மணல் நிலத்தில் ஊற்றியதெல்லாம் கிணற்றுக்குத்தான் போகும் என்பது அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாடம். வீடுகளுக்கிடையே ஓடும் அந்த மணல் ஒழுங்கையில் உப்புக் கரிக்காத கிணறு அவருடையது ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் அதில்தான் குடித்தார்கள்.

எஞ்சின் சாமான் கழுவிய பெற்றோலையும் தின்னரையும் மொறிஸ் தகரத்தில் ஊற்றி, இறுக்கி மூடி, கொட்டிலின் நிழலில் வைப்பார். நிறைந்ததும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நல்லரத்தினத்தின் செங்கல் சூளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சூளை மூட்டுமுன் விறகில் ஊற்றி எரித்துவிடுவார்கள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. அக்கரை புலிகளின் கையில் இருந்ததால் எரிபொருள் ஒரு சொட்டும் அங்கே போகக் கூடாதாம், ஆமியின் கட்டளை.

மொறிஸ் சோதனைச் சாவடிக்குப் போய் அனுமதி கேட்டார். ஒரு போத்தல் பெற்றோலுக்குச் சனம் நாய்படாத பாடு படுகிற காலத்தில், எரித்து ஒழிக்கப் பெற்றோல் வைத்திருக்கிறேன் என்று ஒரு மனுஷன் போய் நின்றால் யார் நம்புவார்? இவ்வளவும் எங்கே எடுத்தாய் என்று அரைநாள் உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒழுங்காக நடக்க நினைக்கிறவனுக்குத்தான் இந்தக் கண்டங்களெல்லாம்.

அடுத்த கிழமை ஆமி ஊரை வளைத்து வீடுவீடாகத் தேடும் சுற்றிவளைப்பு என்று கதை அடிபட்டது. கொட்டிலில் மூன்று தகரம் நின்றது.

"ஊர்ச்சனம் நகையைப் புதைச்ச மாதிரி இதையும் புதைங்களன்," என்றார் மனைவி டல்சி. "ஆமி போனாப் பிறகு தோண்டி எடுக்கலாம்."

"கிணறு இருக்கு, டல்சி."

"ஒரு கிழமைக்குத்தானே? உங்களக் கொண்டுபோனா கிணத்த வச்சு நான் என்ன செய்ய?"

மொறிஸ் மண்வெட்டியை எடுத்தார். கிணற்றிலிருந்து ஆகத் தூரமான மூலையில் இடுப்பளவு தோண்டிப் புதைத்தார்.

சுற்றிவளைப்பு வந்து போனது. ஆனால் ஒழுங்கை முடக்கில் ஒரு காவலரண் முளைத்தது. இனி வீட்டு வளவில் மண்வெட்டி பிடித்தால் ஆயுதம் புதைக்கிறான் என்பார்கள். கிழமை மாதமாகி, மாரியும் கொட்டத் தொடங்கியது. மொறிஸ் அந்த மூலையைப் பார்ப்பதும் பல்லைக் கடிப்பதுமாகத் திரிந்தார். சாவடிக்காரன் மேல் கோபம், டல்சி மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் மேல்தான் ஆத்திரம்.

தை மாதத்து ஒரு காலை, முகம் கழுவ அள்ளிய தண்ணீர் பெற்றோல் மணத்தது. உப்பு மண் தகரத்தைத் தின்றுவிட்டது.

அப்போதுதான் அடுத்த வீட்டு இரத்தினம்மா குடத்தோடு வந்தாள். மொறிஸ் வாளியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"அள்ளாத புள்ள. தண்ணி பழுதாப் போச்சு. சின்னதுகளுக்குக் குடுத்திராத."

அவள் வாளிக்குள் குனிந்து மணந்து பார்த்தாள். "ஆரண்ணே ஊத்தினது? உங்களுக்குப் பயந்து நாங்க சவர்க்காரத் தண்ணியக்கூட றோட்டுல கொண்டுபோய்த்தானே ஊத்துற."

"நான்தான்."

"சும்மா சொல்லாதீங்க. ஆரெண்டு சொல்லுங்க, நான் போய்க் கேக்கிறன்."

மொறிஸ் இரண்டாம் தரமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இரத்தினம்மா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். படலையடியில் மற்றப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடமும் சொல்ல வேண்டும்.