நாலாவது ஆளுக்கு மூன்று மூட்டை

நான் இங்கே எழுதப்போவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். சூடம் மட்டும் நீங்கள் வாங்கி வரவேண்டும். தெப்ராவ் ஆற்றில் முதலையோடு நான் சீட்டு விளையாடிய கதையைக் கேட்டவர்கள் இதையும் அதோடு சேர்ப்பார்கள். அது பொய். நானே ஒப்புக்கொள்கிறேன். இது வேறு. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இதை நினைத்தால் இன்னும் காது மடல் சுடுகிறது. பொய் சொல்லி எனக்குக் காது சுட்டதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, அக்டோபர் மாதம். ஜோகூர் பாரு கடற்கரைத் திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பலூன் கொண்டுவந்திருந்தார். பறந்து போகிற பலூன் இல்லை, கட்டிப்போட்ட பலூன். அடியில் பிரம்புக் கூடை. கூடையில் நாலு பேர் ஏறலாம். இரும்பு வடத்தை முந்நூறு அடிக்கு விட்டு, மேலே பத்து நிமிஷம் நிறுத்தி, விஞ்சில் சுற்றி இறக்குவோம். விஞ்சு என்றால் ஆட்கள் கைப்பிடி போட்டுச் சுற்றும் பெரிய உருளை. இறங்கியதும் கூடையின் ஓரத்தில் தொங்கும் எட்டுக் கயிற்றை எட்டு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு கயிறு என்னுடையது. மற்ற ஏழும் ஜாவாக்காரர்களுடையவை.

எங்களுக்கு மேலாள் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் கடிகாரம், இடுப்பில் கத்தி, கையில் சிலேட்டு. ஏறிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை பேர், எல்லாம் சிலேட்டில் விழும். அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. கம்பத்துக் கொடி விறைத்து நின்றால் யாரும் ஏறக்கூடாது. பலூனுக்குள் இருப்பது தீப்பிடிக்கும் வாயு, ஆகவே நூறு அடிக்குள் சுருட்டு கூடாது. கடைசி ஆள் இறங்காமல் வடத்தின் கொக்கியைக் கழற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் இறங்குமுன் அவருக்குப் பதிலாக மூன்று மணல் மூட்டை கூடைக்குள் போகவேண்டும். முதலில் மூட்டை, பிறகு ஆள். மாற்றிச் செய்தால் பாரம் குறைந்து கூடை துள்ளும். விளிம்பில் கால் வைத்தவர் தலைகீழாகத் தரைக்கு வருவார்.

தினமும் காலையில் அந்த மூட்டைகளில் மணல் வாரி நிரப்புவது என் வேலை. மாலையில் அவற்றைத் தூக்கிப் போடுவது சீன ஆட்களின் வேலை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு மணல் வார நேரமில்லை. லாயாங் லாயாங் தோட்டத்திலிருந்து காளியப்பக் கங்காணியார் குடும்பத்தோடு ரயிலில் வந்தார். அவர் மகள் தனலெட்சுமியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை செய்கிற உத்தியோகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தார்கள். ஒன்பது பத்துக்கு வண்டி. நான் எட்டு மணிக்கே தலைக்கு எண்ணெய் தடவிவிட்டேன்.

மணல் எடுக்கக் கடலோரம் இறங்க வேண்டும். கடை கட்டிய தச்சர்கள் விட்டுப்போன மரத்தூளோ பக்கத்திலேயே மலைபோலக் கிடந்தது. எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வாளியில் தண்ணீர் சேர்த்து, நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் எடையைக் கூட்டிக் காட்டுவோம். எடையில் ஏமாற்றிப் பழகிய கை எனக்கு. அன்று அதையே தலைகீழாகச் செய்தேன். பன்னிரண்டு மூட்டையிலும் மரத்தூள். மேலே ஒரு கை மணல். வாயைக் கட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பொருட்காட்சி திறப்பது மூன்று மணிக்குத்தான். அதற்குள் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் அவர்களைச் சீனன் கடைக்குக் கூட்டிப்போய் மீ என்னும் சீனச் சேமியா வாங்கிக் கொடுத்தேன். தனலெட்சுமி ஒரு தடவை சிரித்தாள். மரத்தூள் மறந்தே போயிற்று.

ஐந்து நாற்பதுக்குக் கடைசி ஏற்றம். துரைக்குக் காய்ச்சல் என்று ஓட்டலுக்குப் போய்விட்டார்.

“அலமாக், இதுலயா ஏறணும்?” என்றார் காளியப்பன், பலூனை அண்ணாந்து பார்த்து.

“பயமா இருந்தா நீங்க கீழ நில்லுங்க. நானும் புள்ளையும் போறோம்” என்றார் அவர் மனைவி ராஜம்மா.

“எனக்கென்ன பயம். வேட்டி பறக்குமேன்னு பாத்தேன்.”

மூன்று பேர் ஏறினார்கள். கூடை நாலு பேருக்கானது. ஆகவே நாலாவது ஆளுக்குப் பதிலாக மூன்று மூட்டையைச் சீன ஆட்கள் மூலையில் போட்டார்கள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

சொல்லியிருக்கலாம். “ஐயா, ஒரு நிமிஷம்” என்று சொன்னால் போதும். ஆனால் மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

மரத்தூளோடு பலூன் துள்ளிக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. நிதானமாக ஏறியது. நாலு ஆள் ஏறிய கனத்தோடு...

ஐந்து ஐம்பத்திரண்டு. அண்ணாந்து பார்த்தேன். கூடையின் விளிம்பில் தலைகள் தெரிந்தன. காளியப்பனின் தலைப்பாகை. ராஜம்மா. தனலெட்சுமி.

அப்புறம் ஒன்று.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். நாலு தலை. நாலாவது கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. முந்நூறு அடிக்கு மேலே முகம் தெரியாது. ஆனால் அது என்னைத்தான் பார்த்தது.

ஐந்து ஐம்பத்தைந்து. கடல் பக்கம் வானம் கறுத்தது. சுமாத்திராவிலிருந்து வரும் காற்று. சிற்றம்பலம் விஞ்சுக்காரர்களைப் பார்த்து, “இழுங்கோ, கெதியா இழுங்கோ” என்றார். வடம் இறங்க இறங்க முனகியது. ஙொய்ங்ங்... ஙொய்ங்ங்... கொடி மட்டும் அசையாமல் தொங்கியது.

கூடை தலைக்கு மேல் வந்தபோது ஒரு வாசம் அடித்தது. வாயுவின் வாசம் இல்லை. அப்போதுதான் அறுத்த மரத்தின் வாசம்.

ஆறு மணி. எட்டுக் கயிற்றையும் பிடித்தோம். மூன்று மூட்டை உள்ளே போயிற்று, காளியப்பன் இறங்கினார். இன்னும் மூன்று போயிற்று, ராஜம்மா இறங்கினார். கடைசி மூன்றும் போட்டாகிவிட்டது. தனலெட்சுமி இறங்கவில்லை.

“சேலை மாட்டிக்கிச்சு” என்றாள் உள்ளேயிருந்து.

அப்போது காற்று அடித்தது. கொடி ஒரே அடியில் விறைத்தது. தூரத்தில் மின்னியது. இரும்பு வடம் மின்னலை இழுத்துவிடும். சிற்றம்பலம் கொக்கியில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வீரமுத்து, மூட்டை எத்தனை?”

“பன்னெண்டுங்க ஐயா.”

“நல்ல மணல்தானே?”

“...மணல்தாங்க.”

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு தன் சட்டத்தைத் தானே மீறினார். பெண் உள்ளே இருக்கும்போதே கொக்கியைக் கழற்றினார்.

ஆறு மூன்று. இடி விழுந்தது. கிட்டத்தில்.

ஜாவாக்காரர்கள் தலைக்கு மேலே இருந்த வாயு மூட்டையைப் பார்த்தார்கள். ஒருவன் கயிற்றை விட்டான். பிறகு ஏழு பேரும் ஓடினார்கள்.

மிச்சம் ஒரு கயிறு. என் கையில்.

அதையும் விட்டேன்.

மறுபடி எழுதுகிறேன், நீங்கள் சரியாகப் படிக்க வேண்டும். நானும் விட்டேன்.

கூடை போயிருக்க வேண்டும். வடம் இல்லை. கயிறு இல்லை. உள்ளே இருப்பது மரத்தூள். மேலே காற்று.

போகவில்லை.

கிர்ர்... கிர்ர்...

பிரம்பு முனகியது. கூடையின் ஒரு மூலை மட்டும் தரையில் அழுந்தியது. யாரோ அங்கே கால் நீட்டி நன்றாக உட்கார்ந்த மாதிரி.

“கொஞ்சம் நகந்துக்குங்கம்மா” என்றாள் தனலெட்சுமி.

அவளைத் தவிர உள்ளே யாருமில்லை.

விளிம்பில் ஒரு கை.

ஐந்து விரல்.

வளையல் இல்லை. தனலெட்சுமி இரண்டு கையிலும் வளையல் போட்டிருந்தாள்...

சிற்றம்பலம் மட்டும் ஓடவில்லை. மழையில் மெல்ல நடந்துபோனார். கத்தியால் முந்தானை நுனியை அறுத்தார். அவளைத் தூக்கி வெளியே விட்டார். ஆறு எட்டு. கூடை அப்போதும் அசையவில்லை.

தனலெட்சுமி அப்பாவிடம் வந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“அந்த அம்மாவ யாரும் எறக்கலையா?”

“எந்த அம்மா?” என்றார் காளியப்பன்.

“மூலையில மூட்டை மேல ஒக்காந்திருந்தாங்களே. நீங்க கூட கால மிதிச்சிட்டு மன்னிப்பு கேட்டீங்களேப்பா.”

காளியப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“அவங்கதான் என் சேலையப் புடிச்சிருந்தாங்க. ‘எந்திரிக்காத புள்ள, மூட்டையில மணல் இல்ல’ன்னாங்க.”

காளியப்பன் என் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ள. மூட்டையில என்ன இருக்கு?”

நான் ஓடினேன். கோரெங் பீசாங் என்று வாழைப்பழம் பொரிக்கிற கடைக்குப் பின்னால், எண்ணெய்த் தகரங்களுக்கு நடுவில், மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன். பேய்க்குப் பயந்து ஓடியதாகத்தான் பல வருஷம் சொல்லிவந்தேன்.

ஏழு முப்பத்தைந்துக்கு அவர்களுக்கு வண்டி. நனைந்த எலிபோல ஸ்டேஷனுக்குப் போனேன். காளியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜம்மா எதுவும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினார், தலை துவட்ட. அதை வாங்கக் கை வரவில்லை. தனலெட்சுமிதான் ஜன்னல் பக்கம் வந்தாள். முந்தானையில் ஒரு சாண் குறைந்திருந்தது.

“மணல் போடலையா?”

“போடல.”

“ஏன்?”

“நேரமாயிருச்சு. ஒங்கள அழைக்க வரணும்ல.”

கோபமே இல்லை அவள் குரலில். இருந்திருக்கலாம்.

“அதக்கூட நான் அப்பாகிட்ட பேசி சரிபண்ணிருவேன். சோம்பேறித்தனம்னு திட்டிட்டு விட்டுருவாரு. ஆனா நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கயித்த விட்டீங்க.”

வண்டி நகர்ந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கராஜு, அதே தோட்டத்து லாரி டிரைவர். பிடியை விடாத தொழில்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத் திடலுக்குப் போனேன். பலூன் கட்டிய இடத்தில் சாதுவாக நின்றது. சிற்றம்பலத்தின் சிலேட்டு விஞ்சுமேல் கிடந்தது. கடைசி வரியைப் படித்தேன். ஏற்றம் ஐந்து நாற்பது. இறக்கம் ஆறு. ஆட்கள், நாலு.

அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“ஐயா, மூணு பேருதானே ஏறினாங்க?”

“நான் எண்ணினது நாலு. ஏறினது நாலு, இறங்கினது மூண்டு” என்றார். சொல்லிவிட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். “எனக்கும் அதுதான் விளங்கேல்லை.”

என்னை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் தேநீர் குடிக்கப் போனதும் கூடைக்குள் ஏறினேன். துரை வருவதற்குள் மரத்தூளைக் கொட்டிவிட வேண்டும். மூலையில் கிடந்த மூன்று மூட்டையிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி. முதல் மூட்டையின் வாயை அவிழ்த்தேன். இரண்டாவது. மூன்றாவது. பன்னிரண்டையும் அவிழ்த்தேன்.

அந்த அம்மா மணல் இல்லை என்று சொன்ன பன்னிரண்டிலும் அடிவரை ஈர மணல்தான் இருந்தது. முந்தின நாள் மத்தியானம், நான் மீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், சிற்றம்பலம் மரத்தூளைக் கொட்டிவிட்டுத் தன் கையாலேயே மணல் வாரி நிரப்பினார் என்று சீன ஆட்கள் சொன்னார்கள்.